செங்கோடன் தலைத்தட்டு

“முதல் தட்டு காதுல உழுந்துட்டா, பொறவு அந்தக் கை…” என்று எங்கள் பெரியப்பா ஏதோ சொல்வார். அந்தக் கை யாருடையதாகிவிடும் என்று சொன்னாரா, அந்தக் கையை என்ன செய்யவேண்டும் என்று சொன்னாரா, எனக்கு நினைவில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நடுவில் நின்றுகொண்டு சொன்னார் என்பதும், இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள் என்பதும் மட்டும் நினைவிருக்கிறது. அண்ணனைக் கேட்டால், அது சாராயத்தைப் பற்றிச் சொன்னது என்பார்.

எங்கள் கூட்டாம்பாளையத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதுதான் தொழில். வடக்கே எங்கோ தொழிற்சாலையில் பிறந்து, கூரையும் சுவரும் இல்லாமல், எஞ்சினும் சக்கரமும் இரண்டு நீள இரும்புச் சட்டமுமாக, பலகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்ட டிரைவர்கள் வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வரும் வெறும் சேஸிஸ்கள், எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்குள் எலும்புக்கூடாக நுழைந்து, ஜன்னலும் சீட்டும் சாமிபடமும் வைத்த பஸ்களாக வெளியே வரும்.

பட்டறைக்குள் வாய்ச்சொல் எடுபடாது. வெல்டிங்கும் கட்டரும் கம்ப்ரசரும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பரம்பரையை இழுத்துத் திட்டினாலும் கேட்காது. அதனால் எங்கள் ஊரில் உத்தரவுகள் இரும்பு வழியாகத்தான் போகும். பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்துச் சட்டத்தில் தட்டுவார். அந்தத் தட்டு இரும்போடு ஓடி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஏறும். ஜன்னல் என்றால் ஜன்னலுக்கு, படிக்கட்டு என்றால் படிக்கட்டுக்கு, யோசிப்பதற்கு முன்பே கை எழுந்து போய்விடும். ஒவ்வொரு உத்தரவுக்கும் முன்னால் ஒரு தலைத்தட்டு உண்டு. அது பட்டறைக்காரருக்குப் பட்டறைக்காரர் வேறு. தலை இல்லாமல் வரும் தட்டை, தகரத்தின் மேல் எலி ஓடியதாக நினைத்து யாரும் சட்டை செய்யமாட்டார்கள். வேலை முடிந்ததும் மரச்சுத்தியால் மந்தமாக ஓர் அடி விழும். அதற்கு மூடடி என்று பெயர். மூடடி விழுந்தால் அந்த உத்தரவு செத்தது, கை அவரவரிடம் திரும்பிவிடும். பட்டறைக்காரர் ஒருவர் இறந்துபோனால், எடுப்பதற்கு முன்னால், உடன்பிறந்தவனோ மகனோ அவர் இரும்பை வைத்து அடித்த பட்டடைக்கல்லில் அவர் தலைத்தட்டைத் தட்டி அதற்கும் மூடடி அடித்துவிடுவான். அதன்பிறகு அந்தத் தட்டுக்கு ஊரில் எந்தக் கையும் எழாது.

என் அண்ணன் செங்கோடனின் தலைத்தட்டு, மாடு கழுத்தை ஆட்டி, நின்று, எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி ஆட்டினால் மணி எப்படி ஒலிக்குமோ அப்படி இருக்கும். அவருக்கு மகன் இல்லை, கௌசல்யா என்று ஒரே பெண். அவள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இன்னும் கரூர்ப் புகுந்த வீட்டுக்குத் திரும்பாமல் வீட்டில் இருந்தாள். அந்தக் குழந்தை எதற்கும் அடங்காது, ஆனால் தொட்டில் கம்பியில் அண்ணன் விரலால் தன் தலைத்தட்டைத் தட்டினால் உடனே வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கிவிடும். நான் பாதி வயதை வேறு தேசங்களின் ஆராய்ச்சிக்கூடங்களில் கழித்துவிட்டு, ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயதில் திரும்பிவந்து அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வைரஸ் புகுந்த செல்லுக்குள் உத்தரவுகள் என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. “அங்க என்னங்க, ஆஸ்பத்திரியா?” என்று ஊரில் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில் யாரும் ஆர்டர் கொடுக்காத ஒரு சேஸிஸ் அண்ணன் பட்டறை வாசலில் வந்து நின்றது. துண்டு சுற்றிய டிரைவர் இறங்கி, டீ குடித்துவிட்டு வருவதாகக் கையைக் காட்டிவிட்டுப் போனார், வரவில்லை. யாருடையதாக இருந்தாலும் வந்த சேஸிஸுக்கு முதல் தட்டைப் பட்டறைக்காரர் தட்டவேண்டும் என்பது எங்கள் ஊர் முறை. வாசலுக்கு வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுப்பது போல அது. அண்ணனும் ஸ்பேனரை எடுத்து, சட்டத்தின் மூக்கில், தன் தலைத்தட்டைத் தட்டினார்.

சேஸிஸ் திரும்பத் தட்டியது. அண்ணனின் தலைத்தட்டை அப்படியே, மாட்டு மணியின் நினைத்துக்கொள்ளும் இடைவெளியோடு தட்டி, அதன்பின் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு நீண்ட தாளத்தைத் தட்டியது.

“மாதேசு, நீ தட்டுனயா?” என்றார் அண்ணன்.

“நானெங்கீங்க தட்டுனேன், கையில டீ இருக்குதில்ல?” என்றார் மாதேஸ்வரன். அவர் அண்ணனிடம் மூத்த டிங்கர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இன்னொரு கை கத்தரியை எடுத்து அலுமினியத் தகட்டை முக்கோணமாக வெட்ட ஆரம்பித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், டீயைக் குடித்து முடித்தார், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு டீ பிடித்திருந்த கையையும் உதவிக்கு அனுப்பினார்.

அன்று சாயங்காலத்துக்குள் பட்டறையில் இருந்த அத்தனை பேரும் முக்கோணம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஜன்னலுக்குத் தட்டினார், சீட்டுக்குத் தட்டினார், விட்டத்துக்குத் தட்டினார்; அவர் தட்டியது எதுவும் கொட்டகையின் பாதியைத் தாண்டவில்லை. இரும்பில் காதை வைத்துக் கேட்டபோது, உத்தரவின் உடல் மட்டும், தலை வெட்டிய கோழி போலக் கொஞ்சதூரம் துடித்துப்போய் அடங்குவது கேட்டது. மரச்சுத்தியை எடுத்து அந்தப் புதுத் தாளத்தின்மேல் மூடடி அடித்துப் பார்த்தார்கள். மூடடி விழுவதற்கு உத்தரவில் ஒரு முடிவு வேண்டும். அதற்கு முடிவே இல்லை, முடியப்போகும் இடத்தில் மறுபடி அண்ணனின் தலைத்தட்டு வந்து நின்று, எல்லாம் புதிதாகத் தொடங்கியது.

அது அண்ணன் பட்டறையோடு நிற்கவில்லை. கம்ப்ரசர் குழாய் வழியாக அடுத்த பட்டறைக்கும், தண்ணீர்க் குழாய் வழியாகத் தெருக்களுக்கும், வேலிக்கம்பி வழியாகக் காட்டு வீடுகளுக்கும் போனது. பரோட்டா மாஸ்டரின் கல்லில் முக்கோணப் பரோட்டா விழுந்தது. சலூனில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே முக்கோணக் கிருதாவோடு எழுந்தார்கள். தையல்காரர் ரவிக்கைத் துணியை முக்கோணமாக வெட்டித் தள்ள, பெண்கள் திட்டிக்கொண்டே வாங்கிப்போய், தங்கள் கையாலேயே அவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தார்கள்.

முதல் வாரம் ஊர் பயந்தது, இரண்டாவது வாரம் பழகியது, அதன்பிறகு பெருமைப்பட ஆரம்பித்தது. விருந்தாளியை எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்போம். ஊருக்கு ஒறம்பரை வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பட்டறைச் சங்கம் பைபாஸ் முனையில் ‘வருக வருக’ என்று ஃப்ளெக்ஸ் வைத்தது, படம் போட ஒறம்பரைக்கு முகம் இல்லாததால் சங்கத் தலைவரின் முகத்தையே போட்டது. வருஷக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் பேசாத பங்காளிகள் ஒரே தகட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அப்போதும் பேசவில்லை, ஆனால் அவர்களுடைய ரிவெட்கள் ஒரு நூல் பிசகாமல் பொருந்தின. எந்த மேஸ்திரியும் திட்டவேண்டியிருக்கவில்லை. “இத்தனை வருஷத்துல இந்த ஊரு இப்படி ஒத்துமையா வேலை செஞ்சு பாத்திருக்கறியா?” என்று எதிர்ப்பட்டறை வையாபுரி, அண்ணனுக்கு ஜென்மப் போட்டி, டீக்கடையில் மெய்சிலிர்த்துச் சொன்னார், சொல்லும்போது அவர் முழங்கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, டீக்கடை பெஞ்சில் எல்லார் முழங்கால்களும் போட்டுக்கொண்டிருந்தன.

ஆனால் ஊர் தன்னைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டது. கிணற்று மோட்டாருக்கு யாரும் கிரீஸ் வைக்கவில்லை. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்ற எழுந்த கை வழியிலேயே தகட்டுக்குத் திரும்பிவிட்டது. நகம் வளர்ந்தது, ஒட்டடை வளர்ந்தது, இலையில் போட்ட சோறு பாதியில் காய்ந்தது. வேலைக்காரர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போய்க் கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தன. யாராலும் ஓரிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமுடியவில்லை. நிற்பவர் நடந்தார், நடப்பவர் ஓடினார், படுத்தவர்களின் விரல்கள் பாய்விளிம்பைப் பிரித்துப் பிரித்துப் பின்னின. நான் பட்டறையில் வளர்ந்தும் தட்டுக்கு எழாத கைகள் உள்ளவன் என்று சின்ன வயதில் கேலிக்கு ஆளானவன். அப்படிப்பட்ட என் பேனாவும் எழுத்தை விட்டுவிட்டு ஓரங்களில் முக்கோணம் போட்டது.

வீட்டில் தெய்வானை அண்ணி முக்கோணத் தோசையை என் தட்டில் வைத்துவிட்டு, “மூலை மொறுமொறுன்னு இருக்குது தம்பி, அது ஒண்ணுதான் லாபம்” என்று சிரித்தாள். சிரித்து முடிக்குமுன் தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழந்தை தூங்கவில்லை. கௌசல்யா மடியில் போட்டுத் தட்டினால் அவள் கை அந்தத் தாளத்துக்குப் போய்விடும், குழந்தை விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும். அண்ணன் தொட்டில் கம்பியில் தன் தலைத்தட்டைத் தட்டினால், பழக்கத்தில் ஒருமுறை சப்புக்கொட்டும். உடனே அந்தத் தலைக்குப் பின்னால் தாளம் வந்து ஏறிக்கொள்ளும், குழந்தையின் இரண்டு உள்ளங்கைகளும் அதற்கேற்ப மூடித் திறக்கும். அப்புறம் பால் குடிப்பதும் அந்தத் தாளத்துக்குப் போயிற்று. சப்பவேண்டிய நேரத்தில் மூச்சுவிட்டது, மூச்சுவிடவேண்டிய நேரத்தில் சப்பியது, புரையேறியது, களைத்துப்போய் வாயை எடுத்துக்கொண்டது. தொடைச் சதை மடிப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போயின. சங்ககிரி டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, “குழந்தைக்கு ஒண்ணும் இல்லீங்க, ஆனா ஏதோ வேலையா இருக்கற மாதிரி இருக்குது” என்றார்.

அன்று திரும்பிவரும் வழியில் அண்ணன் வண்டியை ஓரம்கட்டி, கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உன்ற படிப்புல இதுக்கு ஏதாச்சும் பேரு இருக்குதாடா?”

“வைரஸ்ணா.”

“காச்சலா?”

“காச்சல் பொறவு வர்றது. அது உள்ள பூந்து என்ன பண்ணுதுங்கறதுதான் விஷயம். செல்லும் நம்ம பட்டறை மாதிரித்தான். நடுவுல ஒரு ரூமு, மூலமெல்லாம் அங்க பத்திரமா இருக்கும், வெளிய வராது. எது வேணுமோ அதை மட்டும் நகல் எடுத்து அனுப்புவாங்க. ஆர்.என்.ஏ.ன்னு அதுக்குப் பேரு. அது போயிச் சொன்னா வேலைக்காரங்க செஞ்சு குடுப்பாங்க. எதை எத்தனை அனுப்பறது, எதை எப்ப நிறுத்தறதுங்கற கணக்குலதான் செல்லு உசுரோட இருக்குது. நகலுக்கு முன்னால ஒரு தலை உண்டு, அது இருந்தாத்தான் வேலைக்காரன் மதிப்பான். வேலை முடிஞ்சா நகலைப் பிச்சுப் போட்டுருவாங்க.”

“மூடடி.”

“மூடடியேதான். வைரஸ்ங்கறது வேற ஒண்ணுமில்லண்ணா, ஒரு உத்தரவு, அம்புட்டுத்தான். அதுக்குக் கையில்ல, காலில்ல, வவுறில்ல. தனியாக் கெடந்தா ஒண்ணும் பண்ணாது. உள்ள பூந்துச்சுன்னா, அதுல ஒரு சாதி இருக்குது, நம்ம உத்தரவுகளோட தலையை வெட்டித் தனக்கு மாட்டிக்கும். தலை போன நம்ம உத்தரவு பாதிவழியில செத்துப்போவும். வேலைக்காரன் பாவம், தலையைப் பாத்து நம்ம வேலைன்னு நெனைச்சுத்தான் செய்யறான். செய்யறதெல்லாம் அதோட பிள்ளைக.”

அண்ணன் கரும்புச்சாறு கிளாஸின் அடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார், தட்டுவது தெரிந்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

“திருடனா இருந்தா எடுத்துட்டாச்சும் போவான்” என்றார். “இது என்ற சட்டையை மாட்டிக்கிட்டு, என்ற வாசல்லயே உக்காந்து, என்ற ஆளுகளையே வேலை வாங்குது. அதுக்கு மொதல்ல தண்ணி குடுத்ததும் நான்.”

“உங்களுக்கெப்படித் தெரியும்ணா.”

“செல்லு என்ன பண்ணும்? அதைச் சொல்லு.”

“சிலது ஒண்ணும் பண்ணாது. செஞ்சு செஞ்சு உள்ள நெறைஞ்சு வெடிச்சுப் போவும். உள்ள இருந்ததெல்லாம் பக்கத்துச் செல்லுக்குப் போவும்.”

“மத்தது?”

கரும்பு மெஷின்காரர் கிளாஸுக்குக் கை நீட்டினார், நான் கொடுத்தேன். அண்ணன் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

முக்கோணங்கள் சேர்ந்து சேர்ந்து, பள்ளிக்கூட மைதானத்தில், ஆளுயரத்துக்குமேல், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் உருண்டைகளாக எழுந்தன. அவற்றில் உட்கார இடமில்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முழ நீளச் சட்டத்துண்டு தொங்கியது, ஒவ்வொரு துண்டும் அண்ணனின் தலைத்தட்டோடு தொடங்கித் தாளத்தைத் தட்டியது. அவற்றுக்கு மேல்தோல் தேவைப்பட்டபோது ஊர் தன் கதவுகளைக் கழற்றிக் கொடுத்தது. தகரக் கூரைகளைக் கொடுத்தது, தண்ணீர்த் தொட்டி மூடிகளைக் கொடுத்தது, ரேஷன் கடை ஷட்டரைக் கொடுத்தது. யாரும் பிடுங்கவில்லை, வீட்டுக்காரர்களே திருகாணியைக் கழற்றி, துடைத்து, தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு, கதவில்லாத வீட்டுக்குள் வந்து, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி உட்கார்ந்தார்கள். கோலமும் வீட்டு எண்ணும் தேர்தல் சின்னமும் ஒட்டிய தோல்களோடு உருண்டைகள் எங்கள் ஊர் மாதிரியே இருந்தன. எந்தச் செக்போஸ்டிலும் யாரும் அவற்றை அந்நியம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

பிறகு, உருண்டைகளை ஏற்றிப்போக, வெறும் சேஸிஸ்களைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்தினார்கள் டிரைவர்கள். முகத்தைத் துண்டால் சுற்றியவர்கள், பைபாஸ் ஓரத்தில் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் பாய் போய்ப் பேச்சுக்கொடுத்தார். ஊரின் பாதி சீட்டுகளைத் தைத்தவர் அவர், யாரோடும் பழகிவிடுவார்.

“எங்கீங்க பாய் போறாங்களாம்?” என்று கேட்டார்கள்.

“ஒருத்தர் நாமக்கல்லுங்கறார், ஒருத்தர் ஈரோடுங்கறார், ஒருத்தர் கரூருங்கறார். துண்டை அவுக்கச் சொன்னா மட்டும் அவுக்கமாட்டேங்கறாங்க.”

குழந்தையை ஊரைவிட்டு அப்புறப்படுத்திக் கரூரில் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்த அண்ணி, அதைக் கேட்டதும் கட்டிய முடிச்சை அவிழ்த்தாள். “அங்க போயும் இதேதானா?” என்று என்னைக் கேட்டாள். குழந்தையின் உள்ளங்கைகள் அவள் மடியில் மூடித் திறந்தன.

உருண்டைகள் கிளம்புவதற்கு முந்தைய பகலில் பட்டறைச் சங்கம் கூடியது. சங்கக் கட்டடத்தின் கதவும் போய்விட்டிருந்ததால் தெருவில் போகிறவர்களும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

“நல்லபடியா அனுப்பிச்சு வெச்சுரலாங்க” என்றார் வையாபுரி. “பொண்ணைக் கட்டிக்குடுத்து அனுப்பற மாதிரி. தேங்காய் ஒடைச்சு, எலுமிச்சம்பழம் வெச்சு. போனா நம்ம கையி நமக்கு.”

“கரூர்க்காரன் கையி?” என்றார் மாதேஸ்வரன்.

“கரூர்க்காரனுக்கு எப்ப நம்ம மேல அக்கறை இருந்துச்சு? டெண்டர்ல பாத்தமல்ல?”

சிரித்தார்கள். சிரிப்பும் தாளத்தில் வந்தது, அதைக் கவனித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். சங்கத் தலைவர் என் பக்கம் திரும்பி, “சின்னவரே, நீங்க வெளிநாட்டுல இதைத்தான் பாத்தீங்களாமே, ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

நான் எழுந்தேன். எழாமல் இருந்திருக்கலாம்.

“அது போனாலும் இங்கிருந்து போகாதுங்க” என்றேன். “உள்ள பூந்த இரும்புல இருக்கும். அதுக்குச் சொந்தமாத் தலை கெடையாது. இரவல் தலையிலதான் ஓடுது. அந்தத் தலைக்கு ஒரு கையும் எந்திரிக்கலைன்னா, மைதானத்துல நிக்கறது தகரம், அம்புட்டுத்தான். செல்லுலயும் சிலது அப்படிப் பண்றதுண்டு. வந்தவனோட உத்தரவை மட்டும் தனியா நிறுத்தமுடியாது, அதனால தன்ற உத்தரவையும் சேத்து நிறுத்தீரும்.”

“நிறுத்துன பொறவு செல்லு என்னாவும்?” என்று கேட்டது கூட்டத்தில் ஒருவர்.

“பொழைக்கறதும் உண்டு. பெரும்பாலும் செத்துப்போவும். பக்கத்துல இருக்கறது பொழைக்கும்.”

யாருடைய தலை என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் உள்ளங்கையிலும் அது அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தது, மாட்டு மணி ஆடி, நின்று, நினைத்துக்கொண்டு, மறுபடி ஆடியது. ஒருவர்கூட அண்ணனைப் பார்க்கவில்லை.

வையாபுரிதான் கடைசியில் எழுந்தார். “அதெல்லாம் வேண்டாம்ப்பா. உசுரோட இருக்கறவன் தலைத்தட்டுக்கு மூடடி அடிக்கறதாவது? பொறவு அவன் தட்டுனா எவன் வருவான்? செங்கோடா, நாளைக்கு நீ என்ற பட்டறையில வந்து கூலிக்கு நிப்பியா?”

“நிப்பேன்” என்றார் அண்ணன். “நீ டீ வாங்கிக் குடுப்பயான்னுதான் சந்தேகம். உன்ற அப்பன் காலத்துல இருந்து உங்க பட்டறையில டீ கெடையாது.”

வையாபுரி சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடந்துவரும்போது அண்ணன் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். கதவில்லாத வீடுகளுக்குள் விரல்கள் ஓயாமல் எதையோ முடிந்துகொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தன.

“கரும்புச்சாறு குடிச்சமே, அப்பவே இது உனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியும்ணா.”

“ஏன் சொல்லல?”

“செல்லுன்னா சொல்லிருப்பேன்.”

அவர் நின்று, என்னைப் பார்த்து, “உன்ற செல்லுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்குதாடா?” என்றார். “பேத்தி?” என்றும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் நடந்தார். கொஞ்சதூரம் போய், பெரியப்பா சொன்னது சாராயத்தைப் பற்றி இல்லையோ என்னவோ என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை.

மறுநாள் விடிந்து பால்வண்டி போனதும் பைபாஸில் டிரைவர்கள் எழுந்து துண்டை இறுக்கிக்கொண்டார்கள். அண்ணன் பட்டறைக்குக் கிளம்பினார், கூட நானும். அண்ணி வழக்கம்போலத் தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொடுத்தாள், கொடுத்த கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

“அந்தத் தட்டுக்குத்தான் குட்டி கண்ணை மூடுவா” என்றாள். “அதை எடுத்துட்டீங்கன்னா உங்க கையை அவளுக்கு எப்படித் தெரியும்?”

“இப்ப கண்ணை மூடறாளா?”

அண்ணி கையை எடுத்துக்கொண்டாள். கௌசல்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அண்ணன் கிட்டே போய், தட்டாமல், அதன் உள்ளங்காலை மட்டும் சித்த நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். காலும் அவர் கைக்குள் உதைத்துக்கொண்டிருந்தது.

பட்டறையில் மாதேஸ்வரனும் மற்ற ஆட்களும் தகடு வெட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள், அவர்களுடைய கண்கள் மட்டும்தான் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தன. அந்தச் சேஸிஸ் வாசலில் வந்தபடியே நின்றிருந்தது. தெருவில் வையாபுரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார், சாவு வீட்டில் நிற்பதுபோல. மைதானத்தின் பக்கம் முதல் எஞ்சின் உறுமியது.

அண்ணன் பட்டடைக்கல்லின் மேல் இருந்த தூசியைத் துண்டால் தட்டினார். மரச்சுத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“முறைப்படி நீதான் அடிக்கோணும்.”

“என்னால முடியாதுண்ணா.”

“அடி வாங்கப்போறது நான். உனக்கென்னடா?”

“உசுரோட இருக்கறவருக்கு நான் அடிக்கமாட்டேன்.”

“படிச்சவன் எப்பவுமே வழியை மட்டும் சொல்லுவான்” என்று மாதேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தார். மாதேஸ்வரனால் சிரிக்க முடியவில்லை. வெட்டிக்கொண்டிருந்த கைகளின்மேல் கண்ணீர் விழுந்தது, கைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மைதானத்தில் இரண்டாவது எஞ்சினும் மூன்றாவதும் உறுமின. நீட்டிய சுத்தியை அண்ணன் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வலக்கையில் ஸ்பேனர், இடக்கையில் மரச்சுத்தி. பட்டடைக்கல்லில் தன் தலைத்தட்டைத் தட்டினார், நடுவில் அந்த இடைவெளியை எப்போதும்போல விட்டு, மிச்சத்தையும் தட்டினார்.

பிறகு அதற்குத் தானே மூடடி அடித்தார்.